உலகம்மை கேட்டால் படம் பதில் சொல்லும்

மேலச்சுனையில் மழை பொய்த்த வருஷங்கள் உண்டு, தேர் நிலையை விட்டு நகராமல் நின்ற வருஷமும் உண்டு, ஆனால் குழல்வாய்மொழி டாக்கீஸில் படம் ஓடாத வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் முதலில் பஞ்சாங்கத்தையும் அடுத்தபடியாக டாக்கீஸ் சுவரொட்டியையும் பார்த்தார்கள், ஏனென்றால் புதுப்படம் வருகிற நாளில் முகூர்த்தம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். சனிப் பிணம் தனிப் போகாது என்ற பயம் இருந்தும்கூட, வெள்ளிக்கிழமை போனால் தூக்க நாலு பேர் கிடைக்கமாட்டார்கள் என்று கிழடுகள் சனிக்கிழமைவரை மூச்சை இழுத்துப் பிடித்துக் கிடந்தன. அப்படி ஒரு ஊர் அது. நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஊரில் சினிமா ஒட்டாத ஒரே ஆள் மாவு மில் உலகம்மை. வெறுப்பு என்று சொல்ல முடியாது, வெறுக்கக்கூட ஒரு பழக்கம் வேண்டுமே, அவளுக்கு அதுவும் இல்லை. "அடுத்த வீட்டுச் சண்டையப் பாக்கவே எனக்கு நேரமில்ல, இதுல முன்னப்பின்ன தெரியாதவன் சண்டைய இருட்டுக்குள்ள உக்காந்து பாக்கணுமாக்கும்" என்பாள். மில் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் தொண்டை அகன்றுபோயிருந்தது. அவள் ரகசியம் என்று சொல்வது ரதவீதி முழுக்கக் கேட்கும், சத்தம் போட்டால் பேருந்து நிற்கும். இந்தத் தொண்டையோடுதான் அவள் ஆறுமுகநயினாருக்கு வாழ்க்கைப்பட்டாள்.

நயினார் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார், ஆனால் ஊர் அவரை அறிந்தது இளவேந்தன் ரசிகர் மன்றத் தலைவராகத்தான். கல்யாணமான புதிதில் மனைவியைப் படத்துக்குக் கூட்டிப்போய், எழுத்துப் போட்டு முடிவதற்குள் அவள் குறட்டை விட்டதைக் கண்டு, அந்த அவமானத்தை யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருஷமாகக் குடல் வரைக்கும் விழுங்கி வைத்திருந்தவர். வீட்டில் சிரிக்கவும் மாட்டார், அழவும் மாட்டார், இரண்டையும் சேர்த்துவைத்து டாக்கீஸில் செலவழிப்பார். திரையில் காதலர்கள் ஊரைவிட்டு ஓடும்போது அவர்களுக்கு ரயில் கிடைக்க வேண்டுமே என்று எழுந்தே நின்றுவிடுவார்; அப்பன்காரன் கடைசியில் மனமிரங்கி மகளை உள்ளே அழைத்தால் தோளில் கிடக்கிற துண்டைப் பிழிய வேண்டிவரும். அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்துதான், அதிலே வீட்டை விட்டு ஓடுகிற கதாநாயகியின் பெயரையே தன் மகளுக்கும் தேன்மொழி என்று வைத்தார்.

தேன்மொழி பேருக்குத் தக்கபடி நடந்துகொண்டாள். பேருந்து நிலையத்துப் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற ஜெபராஜோடு ஒரு நாள் காலையில் போனவள் கழுத்தில் தாலியோடு சாயங்காலம் வந்து நின்றாள். திரையில் பார்த்தால் விசிலடித்திருக்கக்கூடிய நயினார், வாசலில் பார்த்ததும் கதவைச் சாத்தினார். "எனக்கு மகளே பொறக்கல" என்று சொன்னவர், மறுநாளிலிருந்து சந்தைக்குப் பின்னால் இருக்கிற அவள் வீட்டைத் தவிர்ப்பதற்காக ஊரைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். இப்போது தேன்மொழிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மேலச்சுனையில் எவ்வளவு பகை இருந்தாலும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக் கதவு திறந்தாக வேண்டும். திறக்காத வீட்டை ஊர் மன்னிக்காது, அதைவிடப் பெற்றவள் தன்னைத்தானே மன்னிக்கமாட்டாள். உலகம்மை ஒரு தரம் பேச்சை எடுத்தாள். நயினார் ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். மாவு மில்லையே தோற்கடிக்கிற தொண்டை அந்த ரேடியோவிடம் தோற்றுப்போனது.

ஆகவே உலகம்மை டாக்கீஸுக்குப் போக ஆரம்பித்தாள்.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நயினார் திரையைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார், இந்தப் பக்கத்து இருட்டில் தாயும் மகளும் சந்தித்துக்கொண்டார்கள். அப்பாவைப் போலவே படப் பைத்தியமான தேன்மொழி திரையைப் பார்ப்பாள். உலகம்மை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகளைப் பார்ப்பாள். தூக்குச்சட்டியில் கொண்டுவந்த புளிச்சோற்றை உருட்டி உருட்டிக் கையில் வைப்பாள், காலைப் பிடித்து வீக்கம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பாள். ஊருக்கே இது தெரியும், நயினாருக்கு மட்டும் சொல்லவில்லை. ஒரு ஊர் முழுக்க ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது மேலச்சுனைச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ஓடிய படத்திலும் ஒரு அப்பா பிள்ளைத்தாய்ச்சி மகளைத் துரத்தினார். துரத்திவிட்டு, பெரிய தலைவாழை இலையில் கூட்டும் பொரியலும் அப்பளமுமாகச் சாப்பிட உட்கார்ந்தார். தேன்மொழி வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் விசும்பினாள். மகள் சோறு இறங்காமல் அழுவதைப் பார்த்த உலகம்மைக்கு ஆங்காரம் வந்தது, என்னவென்று திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் சாதாரணக் குரலில், அதாவது டாக்கீஸ் தகரக் கூரை அதிர, கேட்டாள்.

"ஏம்வே, வயித்துப்பிள்ளக்காரியத் தொரத்திட்டு நீரு மட்டும் இல போட்டுத் திங்கேரே, எப்பிடிவே எறங்குது?"

திரையில் இருந்த அப்பா கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்தார். தலையைத் திருப்பிப் பெண்கள் பக்கத்தைப் பார்த்தார்.

"இறங்கவில்லை அம்மா. அதனால்தான் ரொம்ப நேரமாகப் பிசைந்துகொண்டே இருக்கிறேன்" என்றார்.

"பெறகு என்னத்துக்கு உக்காந்திருக்கேரு? எந்திரிச்சுப் போயிக் கூட்டிட்டு வாரும்."

அவர் எழுந்து கை கழுவி, சட்டையை மாட்டி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய் மகளைக் கூட்டிவந்தார். மகள் வந்தாள், சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், வணக்கம் போட்டுப் படம் முடிந்தது. இன்னும் இடைவேளைகூட வரவில்லை; வெளியே எண்ணெய்ச் சட்டியில் வடை பாதி வெந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் வேறு ஊராக இருந்தால் என்னென்னவோ நடந்திருக்கும், யாராவது மயங்கி விழுந்திருப்பார்கள், யாராவது மந்திரித்திருப்பார்கள். மேலச்சுனைக்காரர்கள் முதலில் வடையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். பிறகு, இது படத்தில் உள்ளதா இல்லாததா என்று தர்க்கம் எழுந்து, டாக்கீஸ் முதலாளி பலவேசம் அண்ணாச்சி அடுத்த காட்சியில் அதே படத்தை உலகம்மை இல்லாமல் ஓட்டிக் காட்டினார், அப்பா இலையில் இருந்த அத்தனையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பமும் விட்டார், மகள் பாட்டுகளுக்கு நடுவே தாராளமாகக் கஷ்டப்பட்டாள், படம் மூன்று மணி நேரம் ஓடியது. ஆகவே காரணம் உலகம்மைதான் என்று தீர்ப்பாகி, அதற்கு மேல் ஏன் எப்படி என்று யாரும் மெனக்கெடவில்லை. திரைத்துணியை வெளுக்கப் போட்ட இடம் சரியில்லை என்று ஒருவர் சொன்னார், அவரை யாரும் லட்சியம் செய்யவில்லை.

மற்றவர்களும் கேட்டுப் பார்த்தார்கள். மன்றத்துச் செயலாளர் செண்பகராஜ் தொண்டை கிழியக் கத்தினான், திரையில் ஒரு குதிரைகூடத் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் இலக்கணச் சுத்தமாகக் கேட்டார், அதற்கும் மசியவில்லை. இவர்கள் எல்லோரும் படத்திடம் ஏதோ எதிர்பார்த்துக் கேட்டார்கள், உலகம்மைக்குப் படத்திடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, அதனால்தான் அதற்கு அவளிடம் பயம் என்று பலவேசம் அண்ணாச்சி சொன்னார், அது சரியாகவும் இருக்கலாம்.

இதில் வேடிக்கை, உலகம்மைக்கு மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லை. அவள் அதுவரை ஒரு படத்தையும் முழித்திருந்து பார்த்ததில்லை, ஆகையால் படம் என்றாலே இப்படித்தான், கேட்டால் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "மனுசன்னா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானம்மா செய்வான்" என்றாள், வந்து விசாரித்தவர்களிடம்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளை ஊர் மறக்காது. கொலை யார் செய்தது என்று கடைசிவரை தெரியக்கூடாத படம் ஒன்று வந்தது, உலகம்மை மகளின் தலையை வாரிவிட்டபடியே ஓரக்கண்ணால் பார்த்து, "அந்தத் தோட்டக்காரன் காலங்காத்தால மம்பட்டியத் தேச்சுத் தேச்சுக் கழுவுதானே, என்னத்துக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டீயளா?" என்றாள், தோட்டக்காரன் மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையைக் கூப்பினான். திருவிழாக் கூட்டத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிரிந்துபோகிற படம் வந்தது. "ஏட்டி, வேடிக்க பாக்கது இருக்கட்டும், பிள்ளைக கையப் பிடி" என்று ஒரு அதட்டல் போட்டாள், அம்மாக்காரி வெடுக்கென்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், பிள்ளைகள் பிரியவே இல்லை, இரண்டும் சேர்ந்து ஒழுங்காகப் படித்துத் தபால் ஆபீஸில் வேலைக்குப் போய்விட்டன. பனிமலையில் மெல்லிய சேலை கட்டிக்கொண்டு ஆடிய பெண்ணைப் பார்த்து, "ஏளா, குளிரலையா ஒனக்கு?" என்றாள். "குளிருது மதினி, யாரும் கேட்கவே இல்லை" என்று அந்தப் பெண் பல் கிட்டிக்க அழுதாள். அதிலிருந்து டாக்கீஸில் எந்தப் பாட்டுக்கும் பெண்கள் கம்பளியும் காலுறையும் போட்டுக்கொண்டுதான் ஆடினார்கள், முன்வரிசை வாலிபர்கள் ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார்கள். வில்லன்கள் பாடுதான் பாவம். உலகம்மை பெண்கள் பக்கத்து வாசலில் தலையைக் காட்டினாலே சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் ஒரு படி கோதுமையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு வந்து, மாவு அரைபடுகிற நேரத்தில் மெல்லக் காதைக் கடித்தார்கள், "யக்கா, வார வெள்ளி வருதே அந்தப் படத்துல குடிகாரன் பொண்டாட்டி அடிபட்டே சாவாளாம், நீங்க ஒரு வார்த்த கேக்கப்படாதா?" என்று. உலகம்மை கேட்டாள், அந்தப் பொண்டாட்டி அரிவாள்மணையை எடுத்துக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், குடிகாரன் பாக்கிப் படம் முழுக்கத் தெளிந்தே இருந்தான். ஆண்கள் தேநீர்க் கடையில் கூடி, சினிமா என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், எல்லாரும் நியாயமாக நடந்துகொண்டால் அதற்கு டிக்கெட் எடுத்துப் போவானேன், அது நம் ஊரிலேயே நடக்கலாமே, நடக்கிறதா, என்று வருத்தப்பட்டார்கள். சின்னச் சின்னப் படங்களாகச் சீக்கிரமே முடிந்து வெளியே வந்துவிடுவதால் மீதிப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுகாலத்துக்குப் பிறகு புருஷன்மார்கள் பொண்டாட்டிகளோடு பேச நேர்ந்து, அதனாலும் சில சண்டைகள் வந்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பலவேசம் அண்ணாச்சி ஒரு நாளில் ஐந்து காட்சி ஓட்டப் பழகிக்கொண்டார்.

நயினார் இது எதைப் பற்றியும் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஊரே பேசுகிறது, அவருக்கு மட்டும் காதில் விழவில்லை என்பதுபோல ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உலகம்மை தட்டில் சோற்றை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். திரையில் நிற்கிற ராஜா, மந்திரி, கொள்ளைக்காரன் எல்லோரும் அவள் ஒரு சொல் கேட்டால் திரும்புகிறார்கள், கட்டின புருஷன் திரும்பவில்லையே என்று நினைத்தபடி குழம்பை ஊற்றுவாள். தேன்மொழிக்கோ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்பும் நடக்காமல் போயிற்று. டாக்கீஸ் இருட்டிலேயே கை நிறைய வளையலைப் போட்டுவிட்டு, குலவை போடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள் உலகம்மை.

தீபாவளிக்கு இளவேந்தன் படம் வருகிறது என்று அறிவிப்பு வந்தது. அதுவரை கல்லூரி மாணவனாகவே நடித்துவந்த இளவேந்தன் முதல் தடவையாக அப்பா வேஷம் கட்டியிருக்கிறாராம், மகள் காதலித்தவனோடு போய்விடுகிறாளாம், கடைசிக் காட்சியில் மழையில் வந்து நிற்கிற மகளுக்கு அவர் கதவைத் திறக்கும்போது பார்க்கிற கல்லும் கரையுமாம். மன்றத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். உலகம்மை உள்ளே வந்தால் இளவேந்தன் முதல் ரீலிலேயே மகளுக்குக் கல்யாணத்தைப் பண்ணிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எப்போது கதவைச் சாத்துவது, எப்போது திறப்பது, எப்போது அழுவது? ஆகவே இந்த ஒரு படத்துக்கு உலகம்மையை உள்ளே விடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள், தலைவர் நயினாரே அதைப் படித்தார், படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

செண்பகராஜ் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். "எனக்கென்னடே, நான் என்ன சினிமாக்காரியா" என்றாள் உலகம்மை. ஆனால் அவன் போன பிறகு மில்லை நிறுத்திவிட்டு மாவு மூட்டைமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்க்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு இருட்டுதான், அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

தீபாவளியன்று பகல்காட்சி. இளவேந்தன் கட்-அவுட்டுக்கு மாலை போட்டு, வெடி போட்டு, காகிதத்தைக் கிழித்துக் கிழித்து மடியில் கட்டிக்கொண்டு ஆண்கள் உள்ளே போனார்கள். பெண்கள் பக்கத்தில் தேன்மொழியும் நாத்தனார் துணையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். நிறைமாதமாக இருந்தாலும் இளவேந்தன் படத்தை முதல் காட்சி பார்க்காமல் இருக்க அவள் யார் மகள்? படம் அருமையாக ஓடியது. யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆகவே எல்லோரும் பழையபடி அநியாயமாக நடந்துகொண்டார்கள். இளவேந்தன் மகளைத் துரத்தினார், மகள் பாடினாள், இளவேந்தன் மீசையை முறுக்கினார், மகள் இன்னும் பாடினாள், கடைசியில் இடி இடித்து மழை கொட்ட, வயிறும் பிள்ளையுமாக அவள் வாசலில் வந்து நின்று "அப்பா!" என்று கதறினாள். நயினார் துண்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். இளவேந்தன் கம்பீரமாக நடந்து வந்து தாழ்ப்பாளில் கையை வைத்தார்.

வைத்த கை வைத்தபடியே நின்றது. வாத்தியம் எல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"அந்த மாவு மில் அம்மா வரவில்லையா?" என்றார் இளவேந்தன், கூட்டத்தைப் பார்த்து.

"அவுக வேண்டாம் தலைவா! நீங்க தொறங்க!" என்று செண்பகராஜ் கத்தினான்.

"எப்படித் திறப்பது? மூன்று மணி நேரமாகப் பெற்ற மகளை நாயைப்போலத் துரத்தியிருக்கிறேன். இப்போது திடீரென்று ஏன் திறக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அந்த அம்மா வந்து ஒரு கேள்வி கேட்டால் திறந்துவிடுவேன். கேட்காமல் கை வரமாட்டேன் என்கிறது."

ஆப்பரேட்டர் மிஷினை நிறுத்திப் பார்த்தார், படம் நிற்கவில்லை. இளவேந்தன் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றார், வெளியே மகள்மேல் மழை பெய்துகொண்டே இருந்தது. அடுத்த காட்சிக்கு வெளியே கூட்டம் கதவை உதைத்தது. பாதி அழுது பாதியில் நின்றுபோனவர்களுக்கு மூக்கடைத்தது. பலவேசம் அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஓய் நயினாரே, தீர்மானம் போட்டவரு நீருதான். நீரே போயிக் கூட்டிட்டு வாரும்" என்றார்.

நயினார் போனார். உலகம்மை அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, டாக்கீஸுக்கு வா."

"நான் சினிமா பாக்க ஆளு இல்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"படம் நின்னுபோச்சு. தலைவர் கதவத் தொறக்க மாட்டேங்காரு. ஊரு பூரா உக்காந்திருக்கு. மழையில அந்தப் பிள்ள நனைஞ்சுக்கிட்டே நிக்கா."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. உலகம்மை அதைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்காகக் கலங்குகிறதே, இந்தக் கண்ணுக்கு வேறு பிள்ளை தெரியாதா என்று தோன்றியது, ஆனாலும் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"நான் வந்தா கேப்பேன். கேட்ட பெறகு எம்மேல வருத்தப்படக் கூடாது."

"கேளு. என்ன வேணும்னாலும் கேளு. கதவு தொறந்தாப் போதும்."

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நயினார் பின்னால் வந்தார். டாக்கீஸுக்குள் அவள் நுழைந்ததும் இளவேந்தன் நிமிர்ந்து நின்றார். மழையில் நின்ற பெண் சேலையைப் பிழிந்துகொண்டு, அப்பாடா என்றாள். நயினார் ஆண்கள் பக்கத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார், துண்டை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

"வாருங்கள் அம்மா. கேளுங்கள்" என்றார் இளவேந்தன்.

உலகம்மை அவரைப் பார்த்தாள். "ஒம்மட்டக் கேக்க எனக்கு ஒண்ணுமில்ல. ஒமக்கு எழுதி வச்சிருப்பாவ, எழுதினபடி செய்யும்" என்றாள். பிறகு சுவரோரமாக வந்து நின்று, ஊரே கேட்க, திரையில் இருக்கிறவர்களும் கேட்க, சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, நான் ஒங்களத்தான் கேக்கேன். நம்ம தேன்மொழி எந்த வீட்டுல பிள்ள பெறணும்?"

ரேடியோ இல்லாத இடம் அது. நயினார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். இத்தனை வருஷமாக எத்தனை அப்பாக்கள் எத்தனை மகள்களிடம் பேசிய எத்தனை வசனம் அவருக்கு மனப்பாடம், அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வழக்கம்போலத் திரையைப் பார்த்தார்.

இளவேந்தன் தர்மசங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, எனக்கு எழுதித் தந்தது எனக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு எழுத யாரும் வரவில்லை. நீங்களேதான் சொல்ல வேண்டும்" என்றார்.

பெண்கள் பக்கத்தின் கடைசியில் தேன்மொழி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள், அவள் அங்கே இருக்கிறாள் என்பது முன்பே தெரிந்தவர்போல நயினார் சரியாக அந்தப் பக்கமே பார்த்தார். எல்லா வெள்ளிக்கிழமையும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"அவ ரூம்பு பூரா மன்றத்துச் சாமானா அடஞ்சு கெடக்கு" என்றார் கடைசியில். "கொடி, கம்பு, பெயிண்ட் டப்பா எல்லாம். அதை ஒழிக்கணும். ஒழிச்சு வெள்ளையடிக்கணும். பெயிண்ட் வாட பச்சப்பிள்ளைக்கு ஆகாது."

"அண்ணாச்சி, தலைவரு கட்-அவுட்டுக் காலு ரெண்டும் அங்கனதான் கெடக்கு" என்றான் செண்பகராஜ்.

"தூக்கி வெளிய போடுலே."

ஒருவன் மடியிலிருந்த காகிதத்தை அள்ளி வீசினான், பக்கத்தில் இருந்தவர் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்தார். மேலச்சுனையில் எந்த ஆணும் தாண்டாத அந்த இடுப்பளவுச் சுவரை நயினார் வேட்டியை மடித்துக்கட்டி, ஒரு காலைப் போட்டு, கொஞ்சம் சிக்கிக்கொண்டு, பிறகு தாண்டினார். பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். திரையில் கதவு திறந்ததா இல்லையா என்று அந்த ஊரில் இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. இளவேந்தனும் மழையில் நின்ற பெண்ணும்கூட எட்டி இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேன்மொழி எழுந்தாள். உலகம்மை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். மூன்று பேரும் சுவரோரமாக நடந்து வாசல்வரை வந்தார்கள், வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அங்கே நயினார் நின்றார், மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"பாத்து வா. இங்கன ஒரு படி இருக்கு."

அந்தப் படி தேன்மொழிக்குத் தெரியாததா, அவர் தோளில் உட்கார்ந்து முதல் படம் பார்க்க வந்த நாளிலிருந்து தெரியும். இருந்தாலும் அவள் காலை எடுத்து வைக்கவில்லை. அவர் கையை நீட்டுகிறவரை அங்கேயே நின்றாள்.